சனி, ஞாயிறு ஓவிய வகுப்பில் சேரப் போகிறவர்களுக்கு

எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கிற, வரைய ஆசை இருக்கிற, ஆனால் எங்கும் முறையாகக் கற்றுக்கொள்ளாத பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சென்னையை மனதில் வைத்து எழுதினாலும், மற்ற ஊர்க்காரர்கள் இடங்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

சின்ன வயதில் எல்லோரும் வரைகிறோம். பதின்மூன்று, பதினான்கு வயதில் பல பேர் நிறுத்திவிடுகிறார்கள். கண் வளர்ந்துவிடுகிறது, கை பழைய இடத்திலேயே நிற்கிறது. வரைந்தது சரியில்லை என்று தெரிகிறது, எங்கே சரியில்லை என்று தெரிவதில்லை. "எனக்கு வரையவே வராது" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடிவிடுகிறோம். நல்ல வகுப்பு அந்த "எங்கே" என்பதைக் காட்டிக்கொடுக்கும். அதைக் காட்டாமல், வாரம் ஒரு அழகான படத்தைக் கையில் கொடுத்து அனுப்புகிற வகுப்புகளும் நிறைய இருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

1. எதற்காகச் சேர்கிறோம்?

பொழுதுபோக்குக்காகவா, பிளஸ் டூவுக்குப் பிறகு டிசைன் அல்லது ஓவியக் கல்லூரிக்குப் போகும் எண்ணத்திலா என்று வீட்டில் ஒருமுறை பேசிவிடுங்கள். நாட்டா (கட்டடக்கலை), நிஃப்ட் (ஃபேஷன்), என்ஐடி (தேசிய டிசைன் நிறுவனம்) நுழைவுத் தேர்வுகளுக்குத் தனியாகப் பயிற்சி மையங்கள் உண்டு. டிராயிங் லோயர், ஹையர் என்று சொல்கிறோமே, அந்த அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்கென்றே சொல்லித்தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஒன்பதாவது, பத்தாவது படிப்பவர்கள் இப்போதே நுழைவுத் தேர்வுப் பயிற்சியில் சேர வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே கேள்வித்தாளைச் சமாளிக்கத்தான் சொல்லித்தருவார்கள். வரையத் தெரிந்தவருக்கு அது உதவும். அடிப்படை இல்லாதவருக்கு வெறும் தந்திரம்தான் மிஞ்சும். முதலில் இரண்டு வருடம் சும்மா வரையுங்கள்.

2. எங்கே தேடுவது?

உங்கள் பள்ளி டிராயிங் மாஸ்டரிடமிருந்து தொடங்குங்கள். ஊரில் யார் நன்றாகச் சொல்லித்தருகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். சில சமயம் அவரே வீட்டில் சொல்லித்தருவார். தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன. பாட்டு, பரதம் ஆகியவற்றோடு ஓவியமும் சனி, ஞாயிறுகளில் சொல்லித்தருகிறார்கள். அங்கே 16 வயது வரைதான் சேர்த்துக்கொள்வார்கள். இவை போக, ஓவியர்கள் தங்கள் ஸ்டுடியோவிலோ மொட்டை மாடியிலோ நடத்தும் சிறிய வகுப்புகள், அபார்ட்மெண்ட் ஹால் வகுப்புகள், "லெவல் 1, லெவல் 2" என்று சான்றிதழ் தருகிற கிளை நிறுவனங்கள் இருக்கின்றன. கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது அந்த லெவல் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. அதற்காகக் கூடுதல் பணம் கட்ட வேண்டாம்.

3. ஒரு வகுப்பு உட்கார்ந்து பாருங்கள்

பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் முழு வகுப்பையும் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அடுத்த இடத்துக்குப் போய்விடலாம்.

முதலில் சுவரைப் பாருங்கள். பத்துப் பிள்ளைகள் வரைந்த பத்துப் படங்களும் ஒரே சூரிய அஸ்தமனமாக, ஒரே மயிலாக, ஒரே புத்தர் முகமாக இருந்தால் அங்கே நடப்பது காப்பி அடித்தல். படங்கள் பளபளவென்று இருக்கும், பெற்றோர் ஃபிரேம் போட்டு மாட்டுவார்கள். ஆனால் அந்தப் பிள்ளையிடம் ஒரு டம்ளரை வைத்து வரையச் சொன்னால் திணறுவான். கோணல்மாணலாக, ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருக்கிற படங்கள் நல்ல அறிகுறி. அறையின் நடுவில் ஒரு மேசை, அதன்மேல் பானை, துணி, காய்கறி என்று எதையாவது அடுக்கி வைத்திருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் ஆசிரியரின் கையைக் கவனியுங்கள். மாணவர் தாளை வாங்கி, தானே திருத்தி, தானே ஷேடிங் போட்டு அழகாக்கிக் கொடுக்கிறாரா? வீட்டுக்குப் போகும் படத்தில் பாதி அவருடையது என்று அர்த்தம். தாளின் ஓரத்திலோ தனித்தாளிலோ சின்னதாக வரைந்து காட்டிவிட்டு, "இந்த விளிம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பார்" என்று கேட்டுவிட்டு நகர்கிறாரா? அவரிடம் சேருங்கள்.

பதினைந்து வயதுக்காரரை ஆறு வயதுக் குழந்தைகளோடு உட்கார வைக்கிற வகுப்பில் இருவருக்குமே நேரம் வீண். ஒரு ஆசிரியருக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் இருந்தால் உங்கள் பக்கம் அவர் வந்து நிற்பதே அபூர்வம். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைந்த வகுப்பும் போதாது. எல்லாவற்றையும் எடுத்து வைத்துக் கண் பழகவே இருபது நிமிடம் போய்விடும்.

கட்டணம் பேசும்போது தயங்காமல் கேட்க வேண்டியவை சில உண்டு. சாமான்கள் கட்டணத்தில் அடக்கமா? ஒரு வாரம் வரமுடியாவிட்டால் ஈடு செய்வார்களா? பரீட்சை மாதங்களில் நிறுத்திவிட்டுத் திரும்பச் சேரும்போது மறுபடியும் அட்மிஷன் கட்டணம் கேட்பார்களா? பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாமா என்பதையும் கேட்டுவிடுங்கள். இதற்கு முகம் சுளிக்கிற இடம் வேண்டாம்.

4. என்ன வாங்குவது, எதை வாங்கக் கூடாது

கடைக்குப் போனதும் 48 கலர் பெட்டி கண்ணைப் பறிக்கும். திரும்பி வந்துவிடுங்கள். முதல் மூன்று மாதத்துக்கு எச்பி, 2பி, 4பி, 6பி பென்சில்கள், ஒரு சாதா ரப்பர், ஒரு பிசையும் ரப்பர், பிளேடு அல்லது ஷார்ப்னர், ஏ3 அளவில் ஒரு பலகை, இரண்டு கிளிப், இவை போதும். பிசையும் ரப்பர் தெரியாதவர்களுக்கு: சப்பாத்தி மாவு மாதிரி உருட்டிக்கொள்ளலாம். தாளைத் தேய்க்காமல் மேலே அழுத்தி எடுத்தால் கருமையை மட்டும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும்.

பென்சிலுக்குச் செலவழிக்கிற காசைவிடத் தாளுக்குச் செலவழியுங்கள். ஜெராக்ஸ் தாள் 70, 75 ஜிஎஸ்எம்தான் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு); இரண்டு முறை அழித்தால் நார் கிளம்பிவிடும். பென்சிலுக்கு 130 முதல் 150 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் தாள் நல்லது. வாட்டர் கலருக்கு 300 ஜிஎஸ்எம். அது விலை அதிகம் என்பதால் பெரிய ஷீட் வாங்கி நான்காக வெட்டிக்கொள்ளுங்கள். சென்னையில் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வரிசையாகக் காகிதக் கடைகள்தான். கல்யாணப் பத்திரிகைக் கூட்டத்துக்கு நடுவே நுழைந்து கேட்டால் உதிரியாகக் கொடுக்கிற கடைகள் கிடைக்கும்.

பிரஷ் மூன்று போதும்: சிந்தெடிக் ரவுண்ட் 4, 8, ஒரு அரை அங்குல ஃபிளாட். தண்ணீர் டப்பாவில் முடி கீழே இருக்கும்படி நிற்க வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஒரே ராத்திரியில் வளைந்துவிடும். ஆயில் கலரை முதல் வருடம் தொடவே வேண்டாம். அதைக் கரைக்கிற டர்பன்டைனுக்குக் காற்றோட்டமான அறை வேண்டும். அதில் கலக்கிற லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்ய வேண்டிய வேலை அது.

5. முதல் மாதம்: ஒரு பானை, ஒரு சொம்பு

முதல் சில வாரங்கள் சலிப்பாக இருக்கும், இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வகுப்புப் பிள்ளை சிங்கம் வரைந்துகொண்டிருப்பாள், நீங்கள் மண்பானையின் விளிம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொம்பு வரையும்போது கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே தப்பைச் செய்வார்கள். வாயை வட்டமாகப் போட்டுவிட்டு, அடியை நேர்கோடாகப் போடுவார்கள். சொம்பு தரையில் சமமாக உட்கார்ந்திருப்பது நமக்குத் தெரியும், அதனால் கண் பார்ப்பதை விட்டுவிட்டுக் கை தெரிந்ததைப் போட்டுவிடுகிறது. சொம்பைத் தூக்கி, அதன் வாய் உங்கள் கண் மட்டத்துக்கு நேராக வருகிற மாதிரி பிடியுங்கள். வாய் ஒரு கோடாகத் தெரியும். மெதுவாகக் கீழே இறக்குங்கள். கோடு திறந்து நீள்வட்டமாகும், இறங்க இறங்க இன்னும் அகலமாகத் திறக்கும். மேசைமேல் வைத்த சொம்பில் அடிப்பாகம் வாயைவிடத் தாழ்வாக இருக்கிறது. ஆகவே அடியின் வளைவு, வாயின் வளைவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இதைப் பிடித்துவிட்டால் டம்ளர், வாளி, பானை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் தரையில் உட்காரும். இன்னொன்று: நீள்வட்டத்தின் இரண்டு முனைகளும் கூராக இருக்கக் கூடாது. மாங்கொட்டை மாதிரி கூர் வந்தால் அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்.

அடுத்தது அளப்பது. கையை முழங்கை மடங்காமல் நீட்டி, பென்சிலை நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடுங்கள். பென்சிலின் நுனியைச் சொம்பின் ஒரு விளிம்பிலும் கட்டைவிரலை மறு விளிம்பிலும் வைத்தால் அகலம் கிடைக்கும். அதே அளவை நிறுத்திப் பிடித்து, உயரம் அதில் எத்தனை மடங்கு என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் கை முழுதாக நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு மாறிவிடும். சாய்வுக்கும் இதே வழிதான்: மேசை விளிம்போடு பென்சிலைப் பொருத்தி, திருப்பாமல் அப்படியே தாளுக்குக் கொண்டு வாருங்கள்.

பொருளை மட்டும் பார்க்காமல், பொருள்களுக்கு நடுவில் இருக்கிற வெற்றிடத்தையும் வரையப் பழகுங்கள். கூஜாவின் கைப்பிடிக்குள் தெரிகிற அந்த வெறுமை என்ன வடிவம்? அதற்குப் பெயர் இல்லாததால் மூளை குறுக்கே வராது, கண் பார்த்ததைக் கை அப்படியே போட்டுவிடும்.

ஷேடிங்குக்கு வரும்போது டியூப்லைட்டுகளை அணைக்கச் சொல்லுங்கள். கூரையில் மூன்று விளக்கு எரிந்தால் ஒரு பானைக்கு மூன்று நிழல் விழும். எது வெளிச்சப் பக்கம், எது இருட்டுப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கவாட்டில் ஒரு ஜன்னல் அல்லது ஒரே ஒரு டேபிள் லேம்ப் இருக்கட்டும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நுணுக்கங்கள் மங்கி, வெளிச்சமும் இருட்டும் பெரிய பெரிய பாகங்களாகப் பிரியும். முதலில் அந்தப் பாகங்களைப் போடுங்கள். பானையின் நிழல் பக்கத்தில் மிகக் கருப்பான இடம் விளிம்பில் இருக்காது, கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும். விளிம்பருகே மேசையிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம் மெல்லிசாக ஏறியிருக்கும். இதைக் கண்டுபிடிக்கிற நாளில் பானை தாளில் உருண்டையாகத் தெரியும். பித்தளைச் சொம்புக்கு ஷேடிங் போடுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதன் பளபளப்பு முழுக்கப் பிரதிபலிப்பு, ஆரம்பத்தில் குழப்பும். விரலால் தேய்த்து மழுப்புவதையும் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள். விரலின் எண்ணெய்ப் பசை தாளில் திட்டுத் திட்டாக ஏறும். அதைவிட முக்கியம், கோடு போடுகிற கைக்குப் பயிற்சியே கிடைக்காது.

6. போனைப் பார்த்து வரையலாமா?

அனிமே வரைகிறவர்கள் இந்த வயதில் நிறைய. பல ஆசிரியர்களுக்கு அது பிடிக்காது, திட்டுவார்கள். எனக்கு அதில் பிணக்கு இல்லை. பல பிள்ளைகள் பென்சிலை விடாமல் இருப்பதே அதனால்தான். ஆனால் வகுப்பு நேரத்தில் போனை மூடி வையுங்கள். போட்டோவில் முப்பரிமாணப் பொருளைத் தட்டையான படமாக மாற்றுகிற வேலையைக் கேமரா ஏற்கெனவே முடித்துவிட்டது. நீங்கள் கற்க வந்ததே அந்த வேலையைத்தான்.

வகுப்பு நண்பர்களே மாறி மாறி ஐந்து நிமிடம் ஸ்டூலில் உட்கார, மற்றவர்கள் வரைவது மிக நல்ல பயிற்சி. கூச்சமாகத்தான் இருக்கும், இரண்டு வாரத்தில் போய்விடும். முகத்தில் கண்கள் தலையின் பாதி உயரத்தில் இருக்கின்றன என்பதைக் கண்ணாடி முன்னால் அளந்து பாருங்கள். நம்ப மாட்டீர்கள், எல்லோரும் நெற்றியைக் குறைத்துக் கண்ணை மேலே ஏற்றித்தான் போடுகிறோம்.

7. வண்ணம்

போஸ்டர் கலர் அடியில் இருப்பதை மறைக்கும், தப்பானால் மேலே பூசலாம். வாட்டர் கலரில் அது நடக்காது. வெள்ளை வேண்டும் என்றால் தாளின் வெள்ளையை விட்டுவைக்க வேண்டும். புதியவர்கள் போஸ்டர் கலரில் தொடங்குவது நல்லது. அக்ரிலிக்கும் பரவாயில்லை, ஆனால் நம் ஊர் வெயிலில் ஃபேன் காற்றில் பேலட்டிலேயே காய்ந்துவிடும். ஈரத்துணியை மடித்து, அதன்மேல் பட்டர் பேப்பர் விரித்து, அதில் கலர் வைத்துக்கொண்டால் கொஞ்ச நேரம் தாங்கும்.

பெட்டியில் எத்தனை நிறம் இருந்தாலும் லெமன் எல்லோ, கிரிம்சன், அல்ட்ராமரைன், பர்ன்ட் அம்பர், வெள்ளை என்று ஐந்தை மட்டும் எடுத்து மூன்று வாரம் ஓட்டுங்கள். கருப்புக்கு அல்ட்ராமரைனோடு பர்ன்ட் அம்பரைக் கலந்து பாருங்கள், புட்டிக் கருப்பைவிட உயிருள்ள கருப்பு வரும். இலை என்றால் பச்சை என்று கை போகும். மாந்தளிரைப் பறித்து வைத்துக்கொண்டு கலக்குங்கள். செம்பு நிறத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கும். "ஃபிளெஷ் டின்ட்" என்று விற்கிற இளஞ்சிவப்பு புட்டியைக் குப்பையில் போடலாம். அந்த நிறத்தில் நம் தெருவில் யாரும் இல்லை. உங்கள் முன்னங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பர்ன்ட் அம்பர், மஞ்சள், கொஞ்சம் கிரிம்சன் என்று கலந்து, வெளிச்சப் பக்கத்துக்கு ஒன்றும் நிழல் பக்கத்துக்கு நீலம் சேர்த்து ஒன்றும் செய்து பாருங்கள்.

8. வகுப்பு இல்லாத நாட்கள்

வாரம் இரண்டு மணி நேரத்தில் கை பழகாது. ஏ5 அளவில் ஒரு நோட்டு பையிலேயே இருக்கட்டும். தினமும் பத்து நிமிடம், பஸ் ஸ்டாப், டியூஷன் வாசல், தூங்குகிற தாத்தா, எதுவானாலும் சரி. இதில் அழிக்கக் கூடாது என்று ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். தப்பான கோட்டுக்குப் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள்.

மாதம் ஒருமுறை வகுப்போடு வெளியே போக முடிந்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1851இல் தொடங்கியது, வெள்ளிதான் விடுமுறை என்பதால் சனி, ஞாயிறு வகுப்புக்குத் தோதானது. பென்சில் மட்டும் எடுத்துப்போங்கள், வண்ணம் வேண்டாம். உட்காரும் முன் காவலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வெண்கலக் கூடத்தில் ஏதாவது ஒரு அம்மன் சிலையின் முன் நின்று, நகைகளை விட்டுவிட்டு, தலை, மார்பு, இடுப்பு மூன்றும் எந்தெந்தப் பக்கம் சாய்கின்றன என்று மூன்று கோடுகளில் மட்டும் பிடியுங்கள். அடுத்த சிலைக்குப் போங்கள். ஒரே சிலையை மூன்று மணி நேரம் நகாசு பார்த்து வரைவதைவிட இதில் கற்பது அதிகம்.

மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் திறந்தார்கள். பாறையை நெம்பும் நான்கு உடல்களில் எடை எந்தக் கால் வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று பாருங்கள். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள்; காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து தசைகளைப் பிரித்துக் காட்டும். ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தத்ரூபமாக வரைவதோடு ஓவியம் முடிந்துவிடாது என்பது அங்கே மாட்டியிருக்கிற படங்களைப் பார்த்தால் புரியும். அதற்கு மேலும் நேரம் இருந்தால் அதே சாலையில் முட்டுக்காடு தட்சிணசித்ராவில் பழைய வீடுகளின் திண்ணையும் தூணும் பெர்ஸ்பெக்டிவ் (தூரம் போகப் போகச் சிறிதாகத் தெரிவதை வரைகிற) பயிற்சிக்கு வாகானவை. அங்கே செவ்வாய் விடுமுறை.

9. பரீட்சை மாதங்கள், சேர்த்து வைப்பது

ஜனவரியிலிருந்து மார்ச் வரை வீட்டில் முதலில் வெட்டப்படுவது ஓவிய வகுப்புதான். பத்தாவது, பிளஸ் டூ என்றால் அதோடு சண்டை போட வேண்டாம். வகுப்பை நிறுத்தினாலும் பத்து நிமிட நோட்டை நிறுத்தாதீர்கள். மே மாதத்தில் "பத்து நாளில் பத்து மீடியம்" என்று விளம்பரம் வரும், அதற்குப் போகாதீர்கள். அந்த விடுமுறையில் உங்கள் வழக்கமான ஆசிரியரிடம், வருடம் முழுக்க முடியாத ஒன்றைக் கேளுங்கள்: ஒரே படத்துக்குத் தொடர்ந்து நான்கைந்து காலைகள், அல்லது லினோ தகட்டில் படம் வெட்டி அச்சிடுதல், அல்லது களிமண்.

வரைந்தவற்றில் நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழிக்காதீர்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலில் தேதி போடுங்கள். சுருட்டி வைக்காமல், இரண்டு அட்டைகளுக்கு நடுவில் தட்டையாக, பரணில் ஈரம் படாத பக்கம் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தாளில் பூஞ்சைப் புள்ளி விழும். முக்கியமானவற்றை ஃபிளாஷ் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் நேராகப் படம் எடுத்துவிடுங்கள்.

பிளஸ் டூவுக்குப் பிறகு ஓவியம்தான் என்று முடிவானால், 1850இல் சென்னையில் தொடங்கிய, இன்று அரசு கவின் கலைக் கல்லூரி என்று இருக்கிற இடத்திலும், கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியிலும் பி.எஃப்.ஏ. (கவின் கலைப் பட்டம்) படிக்கலாம். கல்லும் மரமும் மரபுச் சிற்பமும்தான் பிடிக்கிறது என்றால் மாமல்லபுரம் கல்லூரி இருக்கிறது. விண்ணப்ப அறிவிப்பு வருவதற்கு ஒரு வருடம் முன்பே அங்கே படிக்கிற அண்ணன், அக்கா யாரையாவது பிடித்து, அவர்கள் எந்தப் படங்களைக் காட்டினார்கள் என்று பார்த்து வையுங்கள். தேதி போட்ட அந்தப் பானைகளையும் எடுத்துப்போய் அவர்களிடம் காட்டுங்கள். எதை வைப்பது, எதை விடுவது என்று அவர்களே பிரித்துக் கொடுத்துவிடுவார்கள்.